சிவப்பும் வெள்ளையும் ஒரே அடியில்

அத்தியாயம் 11

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் கதவைச் சாத்தினால் மழை வெளியே நிற்கும், பேச்சு நிற்காது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே நிலக்ஷி இதைத் தெரிந்துகொண்டாள். பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாகக் கருவாட்டு வாசனை வரும், பிள்ளை அழுகிற சத்தம் வரும், ஜீவராணியக்காவின் தும்மல்கூட வரும். அங்கிருந்து இங்கே வருவது இங்கிருந்து அங்கேயும் போகும்தானே?

அதனால்தான் மற்ற வீடுகளில் புருசன் பெண்சாதிச் சண்டைக்குப் பாத்திரம் பறக்கும்போது, இந்த வீட்டில் கரம் போர்டு இறங்கும். காய் மோதுகிற சத்தத்துக்குள்ளே பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளலாம். டக் என்று ஒரு அடி, அதற்குள் ஒரு வார்த்தை. இது புருசன் ஜீவராஜின் கண்டுபிடிப்பு. தன் கெட்டிக்காரத்தனத்தில் அவனுக்கு அப்படியொரு பெருமை. லயம் முழுவதற்கும் இந்த ரகசியம் தெரியும் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது. "நேத்து சத்தம் பலமா இருந்துச்சே, யாரு ஜெயிச்சா?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் யாராவது கேட்டால் நிலக்ஷி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள்.

போன வாரம் அவள் புருசனிடம், "ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ஆட்டம். அதோட இந்தப் பேச்சு முடியணும்" என்று சொன்ன இடத்தில் விட்டிருந்தேன். எந்தப் பேச்சு என்று மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

மாமியார் மீனம்மாவுக்கு வேலை வயது முடிந்து தோட்டத்து ஆள் கணக்கில் பேர் வெட்டிவிட்டார்கள். மாமனார் வீரய்யாவின் பேர் அதற்கு முன்பே போயிற்று. மகன் ஜீவராஜுக்குத் தலவாக்கலையில் அலியார் நானாவின் இரும்புக் கடையில் வேலை. ஆக, இந்த வீட்டில் தோட்டத்துப் பேர் ஒன்றுகூட இல்லை. பேர் இல்லாத குடும்பம் காம்பராவை விடவேண்டும் என்று புதிதாய் மானேஜராக வந்த துரை சொல்லிவிட்டார். மருமகள் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனால் கூரை தப்பும்.

மருமகளோ தலவாக்கலையில் முன்பள்ளி ஆசிரியை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டுச் சாயந்தர பஸ்ஸில் வீடு வருகிறவள். அலியார் நானாவின் கடைக்கு மேலே ஒரு மாடி அறை காலியாக இருந்தது. அங்கே போய்விடலாம் என்பது அவள் கட்சி. கல்யாணத்துக்கு முன்னால் ஜீவராஜும் அந்தக் கட்சியில்தான் இருந்தான். "ஒரு வருசத்துல டவுனுக்குப் போயிரலாம்" என்று சொல்லித்தான் கட்டிக்கொண்டான்.

பந்தயம் இதுதான். அவன் ஜெயித்தால் அவள் பேர் பதிய வேண்டும். அவள் ஜெயித்தால் மாடி அறை.

வெள்ளிக்கிழமை அவன், "அலியார் நானா ரூமுக்காக ஒன் ஐசியைக் கேட்டாரு" என்று அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு போனான். தோற்றாலும் ஜெயித்தாலும் புருசன் தன் பக்கம்தான் சாய்கிறான் என்று நிலக்ஷிக்கு அன்றைக்குக் கொஞ்சம் நெஞ்சு குளிர்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

அன்றைக்கும் மழை. அந்த வாரம் முழுக்க மழை. ரோட்டு வளைவில் மண் சரிந்து பஸ் நின்றுபோனதால் அந்த வாரம் நிலக்ஷி முன்பள்ளிக்குப் போகவில்லை, ஜீவராஜ் மட்டும் நடந்தே கடைக்குப் போய்வந்தான். முன் காம்பரா, பின் காம்பரா, குசினி. குசினி, பின் காம்பரா, முன் காம்பரா. ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் அடுத்த லயத்தின் பின்சுவர். அடுப்புப் புகை வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டது. ஒரு வாரத்துக்கே மூச்சு முட்டுகிறதே, ஆயுசுக்கும் எப்படி என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைச் சொன்னால், "நாங்கல்லாம் இருக்கலையா?" என்பார்கள். அது நியாயமான கேள்விதான்.

மீனம்மா காலையிலேயே குடையை எடுத்துக்கொண்டு லிந்துலைச் சந்தைக்கு நடந்துவிட்டாள். வீரய்யா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நிலக்ஷி பொங்கல் பரிசாக வந்த ரைஸ் குக்கரில் அரிசியைப் போட்டு அழுத்திவிட்டு, கரம் போர்டை அடுப்பு ஓரமாகச் சாய்த்து வைத்தாள். மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்துவிடும். சூடு காட்டாவிட்டால் காய் நகராது.

"போதும், கொண்டா" என்றான் ஜீவராஜ். அவன் முகத்தில் தூக்கம் இல்லை. நிலக்ஷி அதைக் கவனித்தாள், ஆனால் காரணம் கேட்கவில்லை. தனக்கும்தான் தூக்கம் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. அவளுக்கு வெள்ளை, அவனுக்குக் கறுப்பு.

டக்.

"நிலா, நான் என்னா ஒனக்குக் கெட்டதா சொல்றேன்? பேரை மட்டும் பதிஞ்சுக்க. ஒரு வருசம். பொறவு பாத்துக்கலாம்."

டக்.

"ஒரு வருசம்னு சொல்லித்தான் ஒங்கம்மாவையும் பதிஞ்சாங்க. இப்பதான் வெட்டியிருக்காங்க."

"அப்பாவையும் அம்மாவையும் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"மாடிக்கே கூட்டிட்டுப் போவோம். நெருக்கமா இருந்தா என்னா? இங்க மட்டும் என்ன மாளிகையா?"

டக். டக்.

"அம்மா அங்க வருமா? பொறந்ததே இந்த மலையில. மாடியில ஏத்தி வச்சா செத்துப்போயிரும்."

"நான் இங்க செத்துக்கிட்டிருக்கேனே, அது தெரியலையா ஒங்களுக்கு?"

அந்தக் கேள்விக்கு அவன் அடிக்கவே இல்லை. காய் சத்தம் நின்றதால் கடைசி வார்த்தைகள் சுவரைத் தாண்டிச் சுத்தமாக அந்தப் பக்கம் போய் விழுந்தன. அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரம் தேய்க்கிற சத்தமும் நின்றது.

பிறகு இருவரும் பேச்சை விட்டுவிட்டு ஆடினார்கள். இத்தனை கவனமாக அவர்கள் என்றைக்கும் ஆடியதில்லை. அவன் குறி வைத்து அடிப்பான், அவள் விரலால் தள்ளுவதுபோல மெதுவாக அடிப்பாள். ஜோடியாக ஆடினால் தோட்டத்தின் அந்த மேல்கணக்குப் பிரிவில் அவர்களை யாராலும் அசைக்க முடியாது. எதிரெதிராக உட்கார்ந்தால் யார் வெல்வார்கள் என்று சொல்ல முடியாது.

கடைசியில் பலகையில் மூன்றே காய்கள். அவளுக்கு ஒரு வெள்ளை, அவனுக்கு ஒரு கறுப்பு, இரண்டு பேருக்கும் பொதுவாகச் சிவப்பு. சிவப்பைப் போட்டுவிட்டுத் தன் காயால் அதை மூடினால்தான் சிவப்பு சொந்தம். சிவப்பு மேலே இருக்கும்போது கடைசிக் காயைப் போட்டால் குற்றம். இது கரம் தொட்ட எல்லோருக்கும் தெரியும். அடி அவளுடையது. தவறினால் அடுத்த அடியில் அவன் முடித்துவிடுவான், சிவப்பு அவனுக்கு அத்தனை வசதியாக நின்றது.

நிலக்ஷி மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள்.

ஸ்ட்ரைக்கர் போய் வெள்ளையை இடித்தது. வெள்ளை நேராக இடது குழிக்குள் விழுந்தது. ஸ்ட்ரைக்கர் திரும்பி வந்து சிவப்பைத் தொட்டது. சிவப்பு ஈரப் பலகையில் ஊர்ந்து ஊர்ந்து வலது குழியின் விளிம்பு வரை போய், ஒரு கணம் யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது.

"ஜெயிச்சுட்டேன்!" நிலக்ஷி எழுந்தே விட்டாள்.

"ஒக்காரு" என்றான் அவன். "வெள்ளை மொதல்ல விழுந்துச்சு. சிவப்பு மேல இருக்கிறப்பக் கடைசிக் காய் விழுந்தா குற்றம். ரெண்டையும் எடுத்து வை. தண்டம் ஒரு காய் வை. அடி எனக்கு."

"ஒரே அடியில ரெண்டும் விழுந்திருக்கு."

"ஒரே அடிதான். முன்ன பின்னன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"பொங்கலுக்கு நீங்க போட்டீங்களே, அது என்னா?"

நியாயமான கேள்வி. வாலிபர் கழகம் பொங்கலுக்கு நடத்திய ஜோடிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் இதே மாதிரிதான் நடந்தது. ஜீவராஜ் அடித்த ஒரே அடியில் சிவப்பும் கடைசிக் காயும் சேர்ந்து விழுந்தன. எதிர் ஜோடி ஒத்துக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் கத்தல். கடைசியில் நடுவர் வீரய்யா மகன் பக்கமே தீர்ப்புச் சொன்னார். அதில் கிடைத்ததுதான் இப்போது குசினியில் கொதித்துக்கொண்டிருக்கும் ரைஸ் குக்கர்.

"அது வேற" என்றான் ஜீவராஜ். "அன்னைக்கிச் சிவப்பு மொதல்ல விழுந்துச்சு. பொறவுதான் காய்."

"இல்லீங்க. காய்தான் மொதல்ல."

"நீ அந்தப் பக்கம் ஒக்காந்திருந்த. ஒனக்குத் தெரிஞ்சிருக்காது."

"சரி. நடுவரையே கேப்போம்."

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு, "கேளு" என்றான்.

வீரய்யா நடுவர் என்றால் மேல்கணக்கில் அப்பீல் கிடையாது. அவருக்குக் கரம்தான் உலகம். எந்த வருசம் எந்தத் தோட்டத்து ஆள் எந்த மூலையில் எந்தக் காயைத் தவறவிட்டான் என்று கேட்டால் சாப்பாட்டை மறந்து சொல்லுவார். நிலக்ஷி இஸ்தோப்புக்குப் போய் அவர் முன்னால் குந்திக்கொண்டாள். "மாமா, பொங்கல் போட்டியில கடைசி அடி ஞாபகம் இருக்கா? எது மொதல்ல விழுந்துச்சு?"

வீரய்யா மழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"அது... எனக்கு ஞாபகம் இல்லையேம்மா."

நிலக்ஷிக்கு விளங்கிவிட்டது. இவருக்கும் காது இருக்கிறது, பந்தயம் என்னவென்று இவருக்கும் தெரியும். ஞாபகம் வந்தால் கூரை போய்விடும். அந்த மனிதரை எப்படிக் கோபித்துக்கொள்வது? அவருக்கும் போக இடமில்லை, தனக்கும் போக இடமில்லை. ஒரு காம்பராவுக்குள் எல்லோரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்கிறோம் என்று தோன்றி அவளுக்கு அழுகை வந்தது.

"கேட்டியா?" உள்ளே இருந்து ஜீவராஜ். "வா, காயை எடுத்து வை."

அப்போது சுவருக்கு மேலே இருந்து ஒரு குரல் வந்தது.

"பெரியப்பாவுக்கு ஞாபகம் இல்லாட்டி என்னா? எனக்கு இருக்கு!"

குரல் வந்த கையோடு ஆளும் வந்துவிட்டாள். ஜீவராணிதான். சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, நனைந்த காலோடு நேரே முன் காம்பராவுக்குள் வந்து கரம் போர்டுக்குப் பக்கத்தில் நின்றாள். பொங்கல் போட்டியில் தோற்ற எதிர் ஜோடி யார் என்று நினைத்தீர்கள்? இவளும் இவள் புருசனும்தான்.

"தம்பி, ஒளிச்சுக் கேட்டேன்னு நெனைக்காத. காது தானா கேக்குது, நான் என்னா செய்ய? அன்னைக்கிக் காய்தான் மொதல்ல விழுந்துச்சு. சிவப்பு பின்னாலதான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். நீ என்னா சொன்ன? 'ஒரே அடியில விழுந்தா எது முன்ன, எது பின்னன்னு பாக்கிறதில்லக்கா, இதுகூடத் தெரியாம வெளையாட வந்துட்டீங்களா?' அப்படின்னு அத்தனை பேருக்கு முன்னால சிரிச்ச."

ஜீவராஜ் குழிக்குள்ளிருந்து காய்களை எடுத்துக்கொண்டிருந்தான். கை நின்றது.

"அன்னைக்கி ஒரு சட்டம், இன்னைக்கி ஒரு சட்டமா? பொண்டாட்டி போட்டா குற்றம், நீ போட்டா குக்கரா? ஒண்ணு, இந்தப் புள்ள ஜெயிச்சிச்சுன்னு சொல்லு. இல்லாட்டி என் குக்கரைக் குடு."

ஜீவராஜ் எழுந்தான். குசினிக்குள் போனான். வயரைப் பிடுங்கினான். குக்கரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து ஜீவராணியின் முன்னால் நீட்டினான்.

"இந்தாங்க. கொண்டு போங்க."

"சோத்தோடயா?" என்றாள் ஜீவராணி.

"சோத்தோடதான். அன்னைக்கி நான் சொன்னது தப்பு. போதுமா?"

ஜீவராணியே ஆடிப்போய்விட்டாள். கொடுப்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. குக்கரைக் கையில் வாங்கியும் வாங்காமலும் நிலக்ஷியைப் பார்த்தாள்.

நிலக்ஷி புருசனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு என்ற சொல்லை இவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. உப்பு கூடினால்கூட அடுப்பின் மேல்தான் பழி போடுவான். ஒரு குக்கருக்காக ஊர் முன்னால் அரைமணி நேரம் நின்று வாதாடியவன், இன்றைக்கு அதையே தூக்கிக் கொடுத்துவிட்டுத் தலையையும் குனிகிறான். தோற்றால் மாடி அறைக்குப் போகவேண்டும், அவ்வளவுதானே? அதற்கா இப்படி?

"குக்கரைக் கீழ வை, ராணி."

வாசலில் வீரய்யா நின்றார். கம்பளி பாதி தோளில், பாதி தரையில்.

"அன்னைக்கி இவன் சொன்னான்னு நான் தீர்ப்புக் குடுக்கல. சட்டம் அதுதான். அடிக்கு முன்னால ரெண்டும் மேல இருந்துச்சு, அடிக்குப் பொறவு ரெண்டும் குழியில. நடுவுல எது ஓடிச்சு, எது நடந்துச்சுன்னு பாக்கிறது நடுவர் வேலை இல்ல."

"அப்பா" என்றான் ஜீவராஜ். குரல் கெஞ்சியது. "யோசிச்சுப் பேசுங்க. இது வெறும் ஆட்டம் இல்ல."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. காம்பரா போயிரும், அதானே? அதுக்காகத்தான் இம்புட்டு நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஆனா விழுந்த காயை விழல்லன்னு சொல்ல என்னால ஏலாது." மருமகள் பக்கம் திரும்பினார். "நீதாம்மா ஜெயிச்ச."

சொல்லிவிட்டுக் கம்பளியை வாரிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். சொந்தக் கூரையைத் தானே பிரித்துப்போட்ட மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று நிலக்ஷி அன்றைக்குப் பார்த்தாள். ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீங்களும் மாமியும் எங்களோடயே வரணும் மாமா. ஒங்களை விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன்."

"பாப்போம்" என்றார் அவர்.

ஜீவராணி குக்கரைக் குசினியில் வைத்துவிட்டு வயரையும் மாட்டிவிட்டாள். "நியாயம் கேக்க வந்தேன். நியாயம் கெடைச்சிருச்சு, குக்கர்தான் கெடைக்கல" என்று முணுமுணுத்தபடி போனாள். போகிறபோது நிலக்ஷியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது நிலக்ஷிக்கு. மாடி அறையில் இரண்டு ஜன்னல். ஒன்று ரயில் பாதையைப் பார்த்தது. பாதிச் சுவர் இல்லை, முழுச் சுவர். சிரிக்கலாம், அழலாம், சத்தமாகச் சண்டை போடலாம். காயை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கே அலியார் நானாகிட்டச் சொல்லிருங்க. ஐசிதான் ஏற்கனவே குடுத்துட்டீங்களே."

ஜீவராஜ் நிமிரவில்லை.

"நிலா... ஒண்ணு சொல்லணும்."

"என்னா?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது.

மீனம்மா வந்துவிட்டாள். முழங்கால் வரை சேறு, முகம் நிறையச் சிரிப்பு. காய்கறிப் பையை ஓரமாக வைத்துவிட்டு, மார்போடு அணைத்து நனையாமல் கொண்டுவந்திருந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே நீலநிறத்தில் புத்தம்புதிய படங்கு. கொழுந்து எடுக்கிற பெண்கள் செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த சீலை.

"எந்திரி, எந்திரி. அளவு பாப்போம். ஒன்னோட இடுப்புக்கு என் பழசு ஆகாது. கடைக்காரனோட மல்லுக்கட்டி நல்லதா எடுத்துட்டு வந்தேன்." மருமகளைப் பிடித்து எழுப்பி, படங்கை இடுப்பில் சுற்றி, கயிற்றை இழுத்து முடிச்சும் போட்டுவிட்டாள். "ஆ, பாத்தீங்களா? எடுப்பா இருக்கு. கால்ல அட்டைப்பூச்சி ஏறாம சவுக்காரம் பூசிக்கணும், அதை நான் காலையில காட்டித்தாறேன்."

நிலக்ஷி சிரிக்க முயன்றாள். "மாமி, நான் கொழுந்துக்குப் போகல. இப்பதான் அந்தப் பேச்சு முடிஞ்சிச்சு. மாமாவே சொல்லிட்டாரு."

மீனம்மாவின் கை முடிச்சிலேயே நின்றது. மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள்.

"என்னா சொல்ற? வெள்ளிக்கிழமையே பேரு பதிஞ்சாச்சே. கணக்கப்பிள்ளையை இப்பச் சந்தையில கண்டேன். நாளைக்கிக் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல ஒன் பேரைத்தான் மொதல்ல கூப்பிடுறாங்களாம், புதுப் பேருன்னு." மடியிலிருந்து எதையோ எடுத்தாள். "ஆபீஸ்ல இருந்த ஒன் ஐசியையும் அவருதான் குடுத்துவிட்டாரு. இந்தா."

நிலக்ஷி அட்டையை வாங்கவில்லை. மீனம்மா அதைக் கரம் போர்டின் மேல் வைத்தாள்.

"நீ சம்மதிச்சுட்டன்னுதானே காலையில சந்தைக்குக் கெளம்புறப்ப இவன் சொன்னான்" என்றாள் மெதுவாக. "சம்மதம் இல்லாமயா நான் ஒனக்குப் படங்கு வாங்குவேன்?"

வெள்ளிக்கிழமை தனக்கு நெஞ்சு குளிர்ந்ததை நிலக்ஷி நினைத்துக்கொண்டாள். அட்டையைத் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாளே, அதை நினைத்துக்கொண்டாள்.

"அப்ப இன்னைக்கி நாம எதுக்கு ஆடினோம்?" என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் ஜெயிச்சிருந்தா ஒனக்குத் தெரியவே வந்திருக்காது நிலா. நீயா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருக்கும். வெள்ளிக்கிழமையை விட்டா வேற ஆளுக்கு இந்தக் காம்பராவைக் குடுத்துருவோம்னு சொன்னாங்க. நான் என்னா செய்யிறது?"

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லியிருப்ப."

"ஆமா" என்றாள் நிலக்ஷி. "சொல்லியிருப்பேன்."

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று பயந்து ஜீவராஜ் கரம் போர்டின் பக்கம் கையைக் கொண்டுபோயிருந்தான், பழக்கதோசத்தில். கையைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான். வெளியே மழை, உள்ளே நான்கு பேர், இடுப்பில் கயிறு. முடிச்சை அவிழ்க்கலாமா என்று நிலக்ஷி தொட்டுப் பார்த்தாள். மாமியார் பல வருசம் கட்டிப் பழகிய முடிச்சு, சுலபத்தில் அவிழவில்லை.

"மாமி, காலையில பெரட்டுக்கு என்னையும் எழுப்பிவிடுங்க."

மீனம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஜீவராஜ் சட்டென்று நிமிர்ந்தான். "வாறியா நிலா?"

"வாறேன். என் பேரைக் கூப்பிடுவாங்கல்ல? கூப்பிடுறப்ப நான் அங்க இருக்கணும். அத்தனை பேருக்கு முன்னால என்னா சொல்லணுமோ, அதை நானே சொல்லிக்கிறேன்."

"என்னா சொல்லப்போற?"

அவள் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். சோறு வெந்திருந்தது, போட்டு வைக்க வேண்டுமே.

வீரய்யா கட்டிலிலிருந்து இறங்கி வந்து, மீதிக் காய்களைப் பெட்டிக்குள் அடுக்கினார். கறுப்பு எல்லாம் இருந்தன, வெள்ளை எல்லாம் இருந்தன. சிவப்பைக் காணவில்லை. பலகைக்கு அடியில் தேடினார், கட்டிலுக்கு அடியில் தேடினார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். மருமகள் ஒரு கையால் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மற்றக் கை மூடியிருந்தது.

நிலக்ஷியும் அவரைப் பார்த்தாள்.

"எல்லாக் காயும் இருக்காப்பா?" என்று கேட்டான் ஜீவராஜ்.

"எல்லாம் இருக்கு" என்ற நடுவர், பெட்டியை மூடிவிட்டுப் பலகையை ஆணியில் மாட்டினார்.